கம்பெனி வேண்டாம் என்ற பாடகி: ஆனி டிஃப்ராங்கோவின் வரவு செலவு

[திரையில்: ஒரு கேசட், பக்கத்தில் ஒரு கிடார்]

ஓர் ஆல்பம் விற்றால் பாடியவர் கைக்கு எவ்வளவு போகும்? 1997 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு பாடகிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தன. ஆல்பம் ஒன்றுக்கு 4 டாலர் 25 சென்ட் வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருந்த ஹூட்டி அண்ட் தி ப்ளோஃபிஷ் குழுவுக்குக்கூட ஒரு பிரதிக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பாடகி பெரிய ரேடியோக்களில் அபூர்வமாகத்தான் ஒலித்தார்.

அவர் பெயர் ஆனி டிஃப்ராங்கோ. 1970-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் கிடார் பிடித்தார். மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர்ப் பாடகர் அந்தச் சிறுமியை பார்களுக்குக் கூட்டிப்போய்ப் பாடவைத்தார். ஆனிக்குப் பதினைந்து வயதானபோது அம்மா வேறு மாநிலத்துக்குக் குடிபோக, இவர் போகவில்லை. சட்டப்படி தன் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு பஃபலோவிலேயே தங்கிவிட்டார்.

பார் என்றால் சத்தம் இருக்கும். குடிக்க வந்தவர் பாட்டுக்காக வாயை மூடமாட்டார். தனி ஆளாக ஒரு கிடாரோடு அந்தச் சத்தத்தை மீற வேண்டுமென்றால் தந்தியை வருடினால் போதாது, அடிக்க வேண்டும். ஆனியின் வாசிப்பு அப்படித்தான் உருவானது. தாளமும் சுரமும் ஒரே கையிலிருந்து வரும். சொந்த நகம் தாங்காது என்பதால் செயற்கை நகங்களை ஒட்டி, மேலே எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்றிக்கொண்டு மேடையேறுவார். கரண்ட் வேலை செய்கிறவரின் விரல் மாதிரி இருக்கும்.

1990-இல் முதல் ஆல்பம் வந்தது. அதை வெளியிட ஒரு கம்பெனிப் பெயர் வேண்டுமே? ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் கம்பெனி என்று தனியாக ஒன்றும் கிடையாது. காரில் கேசட்டை ஏற்றிக்கொண்டு போவது, கல்லூரியிலோ பாரிலோ பாடுவது, முடிந்ததும் விற்பது, அவ்வளவுதான். வாங்கியவர்கள் நண்பர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தார்கள். வேறொரு கம்பெனியாக இருந்தால் அதைத் திருட்டு என்றிருக்கும். இவருக்கோ அதுவே விளம்பரம், ஏனென்றால் கேசட்டை ஓசியில் கேட்டவர் அடுத்த முறை டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்.

பெரிய கம்பெனிகள் தேடி வந்தன. ஆனி மறுத்தார். ஏன் என்று புரிய ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

[திரையில்: இரண்டு பெட்டிகள். ஒன்றில் ‘பாட்டு’, மற்றதில் ‘பதிவு’]

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. ஸ்டுடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. அதைத்தான் மாஸ்டர் என்பார்கள். வழக்கமான ஒப்பந்தத்தில் கம்பெனி முன்பணம் கொடுக்கும், மாஸ்டரை எடுத்துக்கொள்ளும். முன்பணம் பரிசு அல்ல, கடன் மாதிரி. ஸ்டுடியோ செலவு, வீடியோ செலவில் ஒரு பங்கு எல்லாம் அந்தக் கடனோடு சேரும். அதைப் பாடகரின் ராயல்டியிலிருந்துதான், அதாவது விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று அவருக்கு வர வேண்டிய பங்கிலிருந்துதான், கழிப்பார்கள். இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு: வீட்டுக் கடனை அடைத்தால் வீடு நமக்கு. இங்கே கடன் முழுக்க அடைந்த பிறகும் மாஸ்டர் கம்பெனியிடமே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கடன் 1 லட்சம் டாலர், ராயல்டி பிரதிக்கு 1 டாலர் என்று வையுங்கள். முதல் ஒரு லட்சம் பிரதி விற்கும்வரை பாடகருக்கு விற்பனையிலிருந்து ஒரு சென்ட்கூட வராது. அதுவே பிரதிக்கு 4.25 டாலர் என்றால் 25,000 பிரதியிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நான்கில் ஒரு பங்கு ரசிகர்கள் போதும்.

சரி, அப்படியானால் எல்லோரும் இதையே செய்யலாமே? முடியாது. கைக்காசு போட வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் முழுக்க நம் தலையில். ஆனிக்கு இது சரிவந்ததற்குக் காரணம் மேடை. வருடத்தின் பெரும்பகுதி ஊர் ஊராகப் பாடிக்கொண்டே இருந்தார். கச்சேரிப் பணத்தில் அடுத்த ஆல்பம், அந்த ஆல்பத்தால் அடுத்த ஊரில் இன்னும் பெரிய கூட்டம். பஃபலோ அலுவலகத்தை ஸ்காட் ஃபிஷர் பார்த்துக்கொண்டார். 1996-இல் ‘டைலேட்’ ஆல்பம் அமெரிக்காவின் முன்னணி ஆல்பங்களைக் காட்டும் பில்போர்டு 200 பட்டியலில் 87-ஆம் இடத்தில் நுழைந்தது. 1998-இல் ‘லிட்டில் பிளாஸ்டிக் காசில்’ 22-ஆம் இடம். 1997-இல் வந்த கச்சேரிப் பதிவுக்கு விற்பனைக்கான தங்கச் சான்றும் கிடைத்தது. தன் முகத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு வார்னர் இசைக் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற பாடகர் பிரின்ஸ், 1999-இல் ஆனியின் ஆல்பத்தில் வந்து பாடினார். இவர் போய் அவர் ஆல்பத்தில் கிடார் வாசித்தார்.

ஆனால் ஆனிக்கு ஒரு எரிச்சல் வந்தது. பத்திரிகைகள் பாட்டை விட்டுவிட்டு வியாபாரத்தையே பேசின. ‘மிஸ்’ என்ற பெண்ணியப் பத்திரிகை 21-ஆம் நூற்றாண்டின் பெண்ணியவாதிகள் வரிசையில் இவரைச் சேர்த்தபோதும் சாதனையாகச் சொன்னது வருமானக் கணக்கைத்தான். அவர் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார்: நாளை செத்துப்போனால் கல்லறையில் என்னைப் பாட்டெழுதுகிறவள் என்று போடுங்கள், கம்பெனித் தலைவி என்று போடாதீர்கள் என்ற பொருளில். அவர் கோபம் நியாயம்தான். இந்த வீடியோவும் பாதிக்குமேல் அதே தப்பைத்தான் செய்கிறது.

உடம்பும் விலை கொடுத்தது. தந்தியை அப்படி அடித்துக்கொண்டே இருந்தால் மணிக்கட்டு என்ன ஆகும்? 2005-இல் தசைநாண் வீக்கம் வந்து கச்சேரிகளை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. மேடையே வருமானமாக இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பணத்தில் ஒரு பகுதி ஊருக்குத் திரும்பியது. பஃபலோவில் இடிபடும் நிலையில் இருந்த 1870களின் தேவாலயம் ஒன்றை வாங்கிப் புதுப்பித்தார்கள். இப்போது அதில் கச்சேரி அரங்கும் கம்பெனி அலுவலகமும் இருக்கின்றன. அதே கம்பெனி மற்றவர்களின் ஆல்பங்களையும் வெளியிட்டது. அவற்றில் ஒன்று அனைஸ் மிட்செல் 2010-இல் கொண்டுவந்த ‘ஹேடிஸ்டவுன்’; கிரேக்கப் புராணக் கதையைப் பாட்டாகச் சொல்லும் ஆல்பம். பெர்செஃபனி பாத்திரத்துக்கு ஆனியே குரல் கொடுத்தார். அது மேடை நாடகமாகி, 2019-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதை, வாங்கியது. 2024-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அதே பெர்செஃபனி வேடத்தில் ஆனி நடிக்கப் போனார்.