வைல்ட் டிஸ்கஸுக்கு பிஹெச் நாலரை வேணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். படிச்சதுல இருந்து மனசு அதையே சுத்திக்கிட்டு இருக்கு. டிஸ்கஸ்ங்கிறது அமேசான் பக்கத்து ஆறுகள்ல வாழுற, தட்டு மாதிரி வட்டமான மீன். வைல்ட்னா பண்ணையில வளர்க்காம ஆத்துல பிடிச்சது. பிஹெச்னா தண்ணியோட அமிலத்தன்மையைக் காட்டுற எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். அந்த மீன்ல ஹெக்கல்ங்கிற வகையைப் பத்தி ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணா, ஹெக்கல் டிஸ்கஸ் 6 மீன் வாங்கலாம்னு இருக்கேன். ரியோ நீக்ரோ ஆத்துல பிஹெச் நாலரைன்னு படிச்சேன். எங்க குழாய்த் தண்ணி 7.8 காட்டுது. ஆசிட் ஊத்தி நாலரைக்குக் கொண்டு வந்துடலாமா, எவ்வளவு ஊத்தணும்?"

தம்பி, ஆசிட் ஊத்தாதீங்க. ஒரு சொட்டு கூட வேணாம்.

ஏன்னு சொல்றேன். உங்க தண்ணி 7.8ல நிக்குதுன்னா அதுல கார்பனேட் கரைஞ்சிருக்கு. கேஹெச் டெஸ்ட்ல நாம அளக்குறது அதைத்தான். ஆசிட் ஊத்துனதும் அந்தக் கார்பனேட் அதைப் பிடிச்சுக்கிட்டு கார்பன் டை ஆக்சைடா மாறும். பிஹெச் இறங்குன மாதிரி தெரியும். ராத்திரி முழுக்க ஃபில்டர் தண்ணியைக் கலக்கிவிட, அந்த வாயு வெளிய போயிடும். காலையில பார்த்தா பிஹெச் பழையபடி ஏறியிருக்கும். நீங்க திரும்ப ஊத்துவீங்க. இப்படியே போய் ஒருநாள் கார்பனேட் மொத்தமும் தீர்ந்திருக்கும். அன்னைக்கு வழக்கமா ஊத்துற அதே அளவை ஊத்துனா பிஹெச் சடார்னு விழும். பிஹெச்ல ஒரு படி இறங்குதுன்னா அமிலம் 10 மடங்கு கூடுதுன்னு அர்த்தம். பாவம், மீன் எதைத்தான் தாங்கும்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. நம்ம வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்குறவங்களுக்கு ஃபில்டர் பாக்டீரியா பத்தித் தெரியும். மீன் கழிவுல வர்ற அமோனியாவைக் கெடுதல் கம்மியான பொருளா மாத்துறது அதுதான். அந்த பாக்டீரியா பிஹெச் 6க்குக் கீழ போனா மந்தமாயிடும், இன்னும் இறங்குனா கிட்டத்தட்ட வேலையை நிறுத்திடும். மீன் விடுற கழிவு மட்டும் நிக்காது. அது அம்மோனியமா தண்ணியில சேர்ந்துக்கிட்டே இருக்கும். அமிலத் தண்ணியில அம்மோனியம் பெருசா கெடுதல் பண்ணாது, மீனும் தெம்பா சுத்திக்கிட்டு இருக்கும். இப்ப நீங்க ஞாயித்துக்கிழமை காலையில பாதித் தண்ணியை எடுத்துட்டு 7.8 குழாய்த் தண்ணியை நிரப்புறீங்க. பிஹெச் ஏறுதா, அந்த அம்மோனியம் அமோனியாவா மாறும். பிஹெச் ஒரு படி ஏறினா விஷ அமோனியா கிட்டத்தட்ட 10 மடங்கு கூடும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, தண்ணி மாத்துனதும் செத்துப் போச்சு"ன்னு எனக்கு வர்ற புலம்பல்கள்ல பாதி இந்தக் கதைதான். இதுல தண்ணி மாத்துனதைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தண்ணியை ரெண்டு வேற நிலையில வெச்சிருந்ததுதான் தப்பு.

அப்ப என்ன பண்றது? ஆர்ஓ தண்ணி. அதாவது ஆர்ஓ ஃபில்டர்ல சுத்திகரிச்ச தண்ணி, அதுல தாது ரொம்பக் கம்மி. அதுல குழாய்த் தண்ணியைக் கொஞ்சமா கலந்தா கேஹெச் 1, 2ன்னு நிக்கும். அந்த அளவுல பாதாம் இலை போட்டாலோ, டிரிஃப்ட்வுட்னு சொல்ற மரக்கட்டை போட்டாலோ பிஹெச் தானா 6, 6.5 பக்கம் வந்து உக்காரும். கேஹெச் 8, 10 இருக்குற தண்ணியில கட்டு கட்டா இலை போட்டாலும் தண்ணி டீ நிறத்துக்கு வருமே தவிர பிஹெச் நகராது. குழாய்த் தண்ணியில குளோரின் எடுக்குற மருந்து போட மறக்காதீங்க. குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணின்னா ஒருநாள் பிடிச்சு வெச்சா மட்டும் போதாது.

விக்கிறவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. "இப்ப இந்த மீன் எந்தத் தண்ணியில இருக்கு, எத்தனை வாரமா இருக்கு?" ஆத்துல பிடிச்ச மீன் நேரா உங்க வீட்டுக்கு வர்றதில்லை. ஏற்றுமதி பண்றவர், இறக்குமதி பண்றவர், கடைக்காரர்னு பல தண்ணியைப் பார்த்துட்டுத்தான் வருது. உங்க கைக்கு வர்றப்ப அது பிஹெச் 6.8ல பல வாரமா பழகியிருக்கலாம். அதைக் கொண்டு வந்து நாலரையில விட்டா அது அதோட ஊருக்குப் போன மாதிரி ஆகாது, இன்னொரு அடிதான். கடையில இருக்குற தண்ணிக்கு உங்க டேங்கைச் சரி பண்ணி வைங்க. அப்புறம் வாராவாரம் மெதுவா தாது கம்மியான மென்தண்ணி பக்கம் கொண்டு போங்க. முட்டை வெச்சுக் குஞ்சு பொரிக்கணும்னா ரொம்ப மென்மையான தண்ணி கட்டாயம் வேணும், அது தனி வீடியோ. நல்லபடியா வாழ வைக்க, தண்ணி நிலையா இருந்தாலே போதும்.

எல்லா வைல்ட் டிஸ்கஸும் ஒண்ணு கிடையாது, அதையும் சொல்லிடறேன். ஹெக்கல் ரியோ நீக்ரோ மாதிரி, இலைதழை ஊறி டீ நிறத்துல ஓடுற கருந்தண்ணி ஆத்துக்காரன். 1840ல ஆஸ்திரியாக்காரர் யோஹான் யாகோப் ஹெக்கல் இதை விவரிச்சுப் பேர் வெச்சார். பிரேசில்ல வருஷக்கணக்கா சுத்தி உயிரினங்களைச் சேகரிச்ச நாட்டெரர் கொண்டு வந்த மீனை வெச்சுத்தான் எழுதினார். பிரேசில்ல டெஃபே ஊர்ப் பக்கத்துப் பச்சை டிஸ்கஸும் மென்தண்ணி கேக்குற ரகம். கீழ் அமேசான்ல அலெங்கேர் பக்கம் கிடைக்குற பழுப்பு, நீல வகைகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முதல் தடவை வைல்ட் வளர்க்குறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தம்பி ஹெக்கல்தான் வேணும்னு நிக்கிறார்னு தெரியுது. அந்த ஆசை எனக்குப் புரியுது, அந்த நடுப்பட்டை பார்த்தவனை விடாது.

சரி. இவ்வளவு கேட்ட தம்பி ஒரு கேள்வியைக் கேக்கவே இல்லை. அந்த மீன் எங்க நிக்கும்?

பழைய ஆளுங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும் நான் எங்க வர்றேன்னு. ஆமா, கட்டைதான். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒளிய இடம் கொடுத்தாத்தான் மீன் வெளிய வரும்.

நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு டேங்க் பார்க்கக் கூப்பிட்டார். "மீன் கறுத்துப் போய் மூலையில கெடக்கு, பிஹெச்ல ஏதோ கோளாறு, வந்து பாருங்க"ன்னார். அளந்து பார்த்தோம். பிஹெச் சரி, அமோனியா இல்லை, சூடு 29 டிகிரி. எல்லாம் கச்சிதம். டேங்கைப் பார்த்தேன். அடியில வெறும் கண்ணாடி, மேல பளீர்னு லைட், உள்ள ஒரு பொருள் கிடையாது. மீன் எல்லாம் எங்க நின்னுச்சு தெரியுமா? ஃபில்டர் தண்ணி இழுக்குற பைப்புக்குப் பின்னாடி. ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, கறுத்துப்போய். அந்த டேங்க்ல செங்குத்தா நின்ன ஒரே பொருள் அந்தப் பைப்தான். மீன் தனக்கு என்ன வேணும்னு அவருக்குத் தினமும் காட்டிக்கிட்டே இருந்திருக்கு.

நாங்க லைட்டைப் பாதியாக் குறைச்சோம். கிளை கிளையா பிரியுற கட்டைகளை மேல இருந்து தொங்குற மாதிரி நிறுத்தினோம். அடியில மெல்லிசா நைஸ் மணல். பின்பக்கமும் ரெண்டு பக்கமும் கறுப்பு ஷீட். கட்டை உள்ள போன அரைமணி நேரத்துல பைப்பை விட்டுட்டு எல்லாம் கிளைகளுக்கு நடுவுல போய் நின்னுச்சு. அன்னைக்கு அவ்வளவுதான், வெளிய வரலை. சில வாரம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போனப்ப, நான் கண்ணாடிகிட்ட குனிஞ்சதும் அதுங்களே முன்னாடி வந்து பார்த்துச்சு. நிறம் திரும்பியிருந்துச்சு. நெத்தியில, துடுப்புல அந்த நீலக் கோடுகள் தெளிவாத் தெரிஞ்சுது. தண்ணியில ஒண்ணுமே மாத்தலை.

அந்த நண்பர் வீட்டுல பார்த்த இன்னொண்ணு. பக்கவாட்டுல பார்த்தா தட்டு மாதிரி இருக்குற மீன், சந்தேகம் வந்ததும் அப்படியே திரும்பி முகத்தை நேரா வெச்சுக்கும். முன்னாடி இருந்து பார்த்தா ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். ரெண்டு கிளைக்கு நடுவுல மூணாவது கிளை. ஹெக்கலோட முதல் பட்டை கண்ணு வழியாவே போகுது, கண்ணு எங்க இருக்குன்னே தெரியாது. அஞ்சாவது பட்டை நட்டநடு உடம்புல, ஒன்பதாவது வாலடியில. அரை இருட்டுல இந்த மூணு பட்டையும் கிளையோட நிழல் மாதிரி விழும். இந்த உடம்பே கிளைகளுக்கு நடுவுல நிக்குறதுக்காக ஆன உடம்பு. அதை வெறும் கண்ணாடிப் பெட்டியில விட்டுட்டு பிஹெச்சை அளந்துக்கிட்டு இருந்தா எப்படிங்க?

ஆத்துலயும் இதே கதைதான். மத்திய அமேசான்ல வருஷத்துக்கு சுமார் 10 மீட்டர் தண்ணி ஏறி இறங்கும். வெள்ளத்துல இந்த மீன் மூழ்குன காட்டுக்குள்ள பரவிப் போயிடும். தண்ணி வத்துற காலத்துல ஏரிக்கரை ஓரம் விழுந்து கெடக்குற மரங்களோட கிளைக்குள்ள கூட்டமா வந்து அடையும். டெஃபே பகுதியில வில்லியம் கிராம்ப்டன்னு ஒரு ஆய்வாளர் இதைப் பார்த்து விரிவா எழுதியிருக்கார், 2008ல வந்தது. மீன் பிடிக்கிறவங்களுக்கும் இது தெரியும். அந்தக் கிளைக்கூட்டத்தைச் சுத்தி வலை கட்டி, உள்ள இருக்குற கிளையை ஒவ்வொண்ணா உருவி எடுத்து, கடைசியா மீனைப் பிடிப்பாங்க. கிளை இருக்குற வரைக்கும் மீன் அதை விட்டு நகராது.

அதே ஆய்வுல தீனி பத்தியும் இருக்கு. அங்க அது தின்றதுல பாசியும், மக்குன இலைதழைத் துகளும் நிறைய. கூடவே சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகள். அதனால மாட்டு இதயம் அரைச்சுப் போடுறது வைல்ட் மீனுக்கு அவசியம் இல்லைங்குறது என் கட்சி. கொழுப்பும் ஜாஸ்தி, தண்ணியும் சீக்கிரம் கெடும். வந்த புதுசுல உலர் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃப்ரோசன் ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை), பிளட்வார்ம் (சிவப்புப் புழு) இதுல ஆரம்பிச்சு, ஸ்பைருலினா பாசி கலந்த தீனிக்கு மெதுவாப் பழக்குங்க. நைஸ் மணல் போடச் சொன்னதும் இதுக்குத்தான். வாயைக் குவிச்சு மணல்ல ஊதும், துகள் எழும்பும், அதுல இருந்து தேவையானதைப் பொறுக்கும். பெரிய கூழாங்கல் போட்டா இந்த வேலையே அதுக்கு இல்லாமப் போயிடும்.

டேங்க் அளவு. 6 மீனுக்கு 150 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம். கணக்குப் போட்டா 540 லிட்டர், கட்டையும் மணலும் போக கொஞ்சம் குறையும். அதுக்குக் கீழ வேணாம். 2, 3 மீன் மட்டும் வாங்கி வெச்சா, ஒண்ணு மத்ததைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கும், கூட்டத்துல அந்த அடி பங்கு பிரிஞ்சு போயிடும். சூடு 28ல இருந்து 30. ஒண்ணு கவனிங்க, 20 டிகிரித் தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா, 30 டிகிரியில ஏழரைதான். அதனால ஃபில்டர் தண்ணி மேற்பரப்பைக் கலக்குற மாதிரி இருக்கணும், ஆனா மீன் நிக்குற இடத்துல இழுப்பு இருக்கக் கூடாது. கூட விடுறதுக்கு கார்டினல் டெட்ராங்கிற சின்ன மீன் நல்லா ஒத்துப்போகும், இந்தச் சூட்டையும் தாங்கும். நியான் டெட்ரா தாங்காது.

பண்ணையில வளர்த்த டிஸ்கஸோட வைல்டைச் சேர்க்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். ஒருத்தர் உடம்புல இருக்குற கிருமி இன்னொருத்தருக்குப் புதுசு, ரெண்டு பக்கமும் படுத்துடும். தனி டேங்க்ல சில வாரம் வெச்சுப் பாருங்க. ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைச்சு மூச்சு வாங்குதா, கழிவு வெள்ளையா நூல் மாதிரி தொங்குதான்னு கவனிங்க. அந்தத் தனி டேங்க்லயும் ரெண்டு கட்டை போடுங்க. அங்கதான் அது இன்னும் பயந்து கெடக்கும்.

தம்பி, மீனுக்கு முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி கட்டையை வாங்கி ஊறப்போடுங்க, மூழ்கி நிக்க நாளாகும். உங்க குழாய்த் தண்ணியோட கேஹெச்சையும் ஒரு தடவை அளந்து அனுப்புங்க. பிஹெச் மட்டும் சொல்லியிருக்கீங்க, அதை வெச்சு ஆர்ஓ எவ்வளவு கலக்கணும்னு சொல்ல முடியாது. கேஹெச் வந்ததும் கணக்கு போட்டு அடுத்த வீடியோவுலயே சொல்லிடறேன்.