முதல் வாய்ப்பில் எந்த பாஸ் ரஷர்? வாக்கரா, ஹட்சின்சனா?

(திரையில்: லாஸ் வேகாஸ், 2022 ஏப்ரல் 28. என்.எஃப்.எல். டிராஃப்ட் மேடை.)

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் ஒவ்வொரு வசந்த காலத்திலும் கிளம்பும் ஒரு வாக்குவாதம் உண்டு. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். அதில் நம் அணிக்கு முன்வரிசை வாய்ப்பு கிடைத்திருக்கிறது, நல்ல பாஸ் ரஷர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். யாரை எடுப்பது? அந்த வாக்குவாதம் உச்சத்துக்குப் போன ஆண்டு 2022. ஒரு பக்கம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிராவான் வாக்கர், இன்னொரு பக்கம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஏடன் ஹட்சின்சன். முதல் வாய்ப்பு ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணிக்கு, இரண்டாவது டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய தடுப்பாளர்கள் அரணாக நிற்பார்கள். அந்த வரிசையின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கு டேக்கிள் என்று பெயர். டேக்கிளைத் தாண்டிப் போய் குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பதுதான் பாஸ் ரஷரின் வேலை. பந்து கையை விட்டுப் போவதற்குள் அவரைக் கீழே சாய்த்துவிட்டால் அது ஒரு சாக். இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஈ.எஸ்.பி.என். நிறுவனம் ரஷர்களை அளக்க வைத்திருக்கும் ஒரு கணக்கு, 2.5 வினாடிக்குள் அவர் தன்னைத் தடுப்பவரை வென்றாரா இல்லையா என்பதைத்தான் பார்க்கிறது.

டிராஃப்டில் ஏலம் கிடையாது. மொத்தம் 32 அணிகள். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2021 சீசனில் ஜாகுவார்ஸ் மூன்று ஆட்டங்களில் வென்று 14-இல் தோற்றது. லயன்ஸ் மூன்றில் வென்று, 13-இல் தோற்று, ஒன்றை டிரா செய்தது.

இதில் சம்பளத்தை மறந்துவிடக் கூடாது. ரசிகர் சண்டைகளில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 2011-இல் வந்த ஒப்பந்த விதிகளின்படி, புதிதாக வரும் வீரரின் சம்பளம் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே முடிவாகிவிடும். ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. இரண்டாவதாகப் போன ஹட்சின்சனுக்கு அந்த நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 3.6 கோடி டாலர். 2025 அக்டோபரில் அதே அணியிடம் அவர் கையெழுத்திட்ட அடுத்த நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 18 கோடி டாலர். ஐந்து மடங்கு! டிராஃப்டில் சரியான ரஷர் கிடைத்தால், சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு நான்கு ஆண்டுகள் அவரை வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களுக்கு ஆள் பிடிக்கலாம். பாஸ் ரஷரைச் சீக்கிரம் எடுத்துவிட அணிகள் துடிப்பதற்கு இது பெரிய காரணம்.

(திரையில்: இரு வீரர்களின் அளவுகள் பக்கத்தில் பக்கத்தில்.)

சரி, இப்போது ஆட்களுக்கு வருவோம்.

ஹட்சின்சனின் கடைசி கல்லூரி சீசனில் 14 சாக். மிச்சிகனில் ஒரே சீசனில் யாரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக மட்டும் மூன்று. அந்த ஆட்டத்தை மிச்சிகன் 42-27 என்று வென்றது. 2011-க்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் வென்றது அப்போதுதான். கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதான ஹெய்ஸ்மன் வாக்கெடுப்பில் ஹட்சின்சன் இரண்டாமிடம் பிடித்தார். தடுப்பாட்டக்காரர் (எதிரணியின் தாக்குதலை நிறுத்த ஆடுபவர்) ஒருவர் அந்த வாக்கெடுப்பில் அவ்வளவு உயரம் போவது அரிது.

அதே சீசனில் வாக்கருக்கு ஆறு சாக். மொத்தக் கல்லூரி வாழ்க்கையிலும் சேர்த்தே 9.5. எண்ணை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. அப்புறம் எப்படி வாக்குவாதம் வந்தது? மார்ச் மாதம் இண்டியானபோலிஸில் நடந்த தேர்வுமுகாமில் வாக்கர் ஓடினார். 272 பவுண்டு உடம்பு, அதாவது சுமார் 123 கிலோ. அந்த எடையோடு 40 கஜத்தை 4.51 வினாடியில் கடந்தார். அவரைவிட எடை குறைந்த ஹட்சின்சனுக்கு 4.74 ஆனது. வாக்கரின் கை நீளம் 35.5 அங்குலம், ஹட்சின்சனுக்கு 32 அங்குலத்தைச் சற்றே தாண்டும். அதுவரை பலருடைய கணிப்பில் முதலிடத்தில் ஹட்சின்சன்தான் இருந்தார். முகாமுக்குப் பிறகு தராசு மெல்லச் சாயத் தொடங்கியது.

மூன்று அங்குலக் கைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? டேக்கிளும் ரஷரும் மோதும் அந்த முதல் கணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். யாருடைய உள்ளங்கை எதிராளியின் நெஞ்சில் முதலில் பதிகிறதோ, அந்த மோதல் அவர் வசம். கை நீளமானவர் எதிராளியின் கை தன்னைத் தொடும் முன்பே அவரைத் தள்ளி நிறுத்திவிடலாம். வாக்கர் டேக்கிளை அப்படியே பின்னோக்கி நடக்க வைப்பார், அதுவே அவர் பலம்.

ஹட்சின்சன் அந்த உள்ளங்கையைத் தன் மேல் பதியவே விடமாட்டார். டேக்கிள் கை நீட்டும் நேரம் பார்த்து மணிக்கட்டில் ஒரு தட்டு. தோளைத் தாழ்த்தி, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவதுபோல இரண்டு எட்டு வைப்பார். டேக்கிளின் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும் சட்டென்று முதுகைக் காட்டிச் சுழன்று உள்பக்கம் புகுந்துவிடுவார். கை குட்டை என்று அவரைத் தள்ளிவைத்தவர்கள் இதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டார்கள் என்றே சொல்வேன்.

வாக்கர் பக்கத்து நியாயத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் அவருக்குக் கொடுத்த வேலையே வேறு. முதலில் உன் இடைவெளியை அடைத்து நில், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வருகிறார்களா என்று பார், அப்புறம் குவார்ட்டர்பேக்கிடம் போ. பல முறை வரிசையின் உட்பகுதியிலும் நிறுத்தினார்கள். அந்தத் தடுப்பு அணி எப்படிப்பட்டதென்றால், அதிலிருந்து ஐந்து பேர் அந்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். அங்கே ஒருவர் மட்டும் சாக் குவிக்க வழியில்லை. போதாததற்கு, 2021 டிசம்பர் 31 அன்று இரண்டு கல்லூரிகளும் அரையிறுதியில் மோதின. ஜார்ஜியா 34-11 என்று நொறுக்கியது. ஹட்சின்சனுக்கு ஒரு சாக்கும் இல்லை. வாக்கர் ரசிகர்கள் இந்த ஆட்டத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

ஜாகுவார்ஸின் அப்போதைய பொது மேலாளர் டிரென்ட் பால்க்கிக்கு நீண்ட கைக்காரர்களிடம் பழைய அனுபவமும் இருந்தது. 2011-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் இருந்தபோது ஏழாவது ஆளாக ஆல்டன் ஸ்மித்தை எடுத்தார். ஸ்மித் முதல் சீசனிலேயே 14 சாக் எடுத்தார். ஆக, வாக்கரை முதலாவதாக எடுத்தது குருட்டுத்தனமான முடிவு அல்ல.

(திரையில்: 2019 டிராஃப்ட், ரெய்டர்ஸ் அணி.)

அப்படியென்றால் கல்லூரியில் அதிக சாக் எடுத்தவரை நம்பினால் போதுமா? அதுவும் கவிழ்த்துவிடும். 2019-இல் ரெய்டர்ஸ் அணி நான்காவது ஆளாக கிளெம்சனின் கிளெலின் ஃபெரலை எடுத்தது. அதற்கு முந்தைய சீசனில் அவருக்கு 11.5 சாக். ஆனால் கிளெம்சனில் அவர் பக்கத்தில் நின்றவர்கள் யார்? கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ். அந்த இருவரும் அதே டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனவர்கள். நடுவில் அவர்கள் இருக்கும்போது எதிரணி ஃபெரல் மேல் இரண்டாவது ஆளை ஏவ முடியாது. என்.எஃப்.எல்.லில் அந்த வசதி இல்லை. ரெய்டர்ஸில் நான்கு சீசன்களில் அவர் எடுத்தது மொத்தம் 10 சாக்.

அதே டிராஃப்டில், அதே ரெய்டர்ஸ், நான்காவது சுற்றில் 106-வது ஆளாக ஒருவரை எடுத்தது. ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற சின்னக் கல்லூரி அணியிலிருந்து வந்த மேக்ஸ் கிராஸ்பி. முதல் சீசனிலேயே அவருக்கு 10 சாக். ஃபெரல் நான்கு ஆண்டுகளில் எடுத்ததை இவர் ஒரே ஆண்டில் எடுத்துவிட்டார். ஃபெரலைத் தாண்டி ஏழாவதாக ஜாகுவார்ஸுக்குப் போன ரஷர் ஜாஷ் ஆலன். பஃபலோவின் குவார்ட்டர்பேக் அல்ல, பெயர் மட்டும் ஒன்று. பின்னாளில் இவர் ஹைன்ஸ்-ஆலன் ஆனார். 2023-இல் 17.5 சாக் எடுத்தவர்.

(திரையில்: முதல் மூன்று சீசன் கணக்கு.)

2022-க்குத் திரும்புவோம். ஜாகுவார்ஸ் வாக்கரை எடுத்தது. சொந்த மாநிலத்துப் பையனான ஹட்சின்சன் தானாக டெட்ராய்ட் மடியில் விழுந்தார். இரண்டாவது ஆட்டத்தில், வாஷிங்டனுக்கு எதிராக, அவருக்கு மூன்று சாக். நவம்பரில் கிரீன் பே அணியோடு ஆட்டம். கோல் எல்லைக்குப் பக்கத்தில் அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஒரு தந்திரம் செய்தார். தன் டேக்கிளையே பந்து பிடிக்க அனுப்பி அவருக்கு எறிந்தார். அங்கேயும் பின்தொடர்ந்து வந்து பந்தைப் பறித்தவர் ஹட்சின்சன். அந்த சீசனில் அவருக்கு 9.5 சாக். அடுத்த சீசனில் 11.5. மூன்றாவது சீசனில் ஐந்தே ஆட்டங்களில் 7.5 எடுத்திருந்தபோது, டல்லாஸில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன.

வாக்கருக்கு முதல் சீசனில் 3.5. அப்புறம் 10, அதன் பிறகு 10.5. இது தோல்வி இல்லை, நல்ல கணக்குதான். அவரைக் குப்பை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் முதல் வாய்ப்பு என் கையில் இருந்தால் ஹட்சின்சனைத்தான் எடுப்பேன். காரணம் அந்த நான்கு ஆண்டுக் கணக்கு. மலிவாகக் கிடைக்கும் நான்கில் ஒரு முழு ஆண்டு வாக்கருக்குக் கற்றுக்கொள்வதிலேயே போனது. ஹட்சின்சன் வந்த மாதமே வேலையைத் தொடங்கினார். 25-வது ஆளாக எடுக்கும் அணி பொறுத்திருந்து வளர்க்கலாம். மூன்றே ஆட்டம் வென்ற அணிக்கு அந்த அவகாசம் கிடையாது.

அடுத்த டிராஃப்டுக்கு உங்கள் அணி ரஷர் தேடுகிறது என்றால், சாக் தொகுப்பு வீடியோவை மூடிவிட்டு முழு ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். பந்து போன திசையைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்பது யார், எத்தனை முறை இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் உத்தியை டேக்கிள் முறியடித்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். அங்கேயே நின்றுவிடுகிறாரா, இல்லை கையில் இரண்டாவது உத்தி ஒன்று தயாராக இருக்கிறதா?