தொப்பி கேட்கவில்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தன் புதுக் காரை என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி எடுத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "தம்பி, இந்த வண்டியில மிருதங்கம் கேட்குது, தொப்பி கேட்கலை" என்றார். மிருதங்கத்தின் வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, அந்தக் கனத்த நாதத்தை வரவழைப்பார்கள். அது காதில் விழாவிட்டால் வாசிப்பில் பாதி விழவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடத் தொழிலில் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் எதற்கு என்பதை இவ்வளவு சரியாக வேறு யாரும் என்னிடம் சொன்னதில்லை. "சத்தம் பத்தலை" என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஒலியின் அடிப்பகுதி அவர்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வந்து சேரவில்லை? மனிதக் காது கிட்டத்தட்ட 20 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது நொடிக்கு 20 அதிர்விலிருந்து, 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கம்பெனியே கதவில் பொருத்தித் தரும் ஆறரை அங்குல ஸ்பீக்கரோ 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் தளர்ந்துவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அந்த அடித்தளம் முழுக்க ஸ்பீக்கரின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நம் காதும் இதில் ஒத்துழைக்காது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, தாழ்ந்த ஒலிகளை நம் காது மிக மந்தமாகவே உணர்கிறது என்றும், ஒலியளவு குறையக் குறைய அந்த மந்தம் கூடுகிறது என்றும் காட்டியது. போதாததற்கு வண்டி ஓடும்போது டயரும் சாலையும் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் இதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அதனால்தான் ஷோரூமில் நிற்கும் காரில் நன்றாகக் கேட்ட பாட்டு, திண்டிவனம் தாண்டி எண்பதில் போகும்போது வெறும் தகரச் சத்தமாக மெலிந்துவிடுகிறது. நாம் ஒலியைக் கூட்டுகிறோம். பாடகர் குரல் காதைக் கிழிக்கிறது, தொப்பி மட்டும் அப்போதும் வருவதில்லை.

டேஷ்போர்டில் வரும் மியூசிக் செட்கள் பலவற்றின் மேல் "50 வாட், நான்கு சேனல்" என்று எழுதியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட் சொச்சம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன சிப் அதை அப்படியே ஸ்பீக்கருக்கு ஆட்டிக் கொடுத்தாலும், சராசரியாகப் பத்து வோல்ட்தான் தேறும். நான்கு ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது 25 வாட். இழப்பெல்லாம் போக இருபது வாட் நின்றால் பெரிய விஷயம். ஒலியின் பலத்தைக் கூட்டும் தனி ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், வேறுமாதிரி. அது பேட்டரியின் 12 வோல்ட்டைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்ளும். அதனால்தான் 150, 300 வாட் என்று உண்மையாகவே கொடுக்க முடிகிறது. ஆம்ப் வாங்கும்போது ‘பீக்’ வாட், ‘மேக்ஸ்’ வாட் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டைச் சொல்லும், ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு வேறு செட் மாட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. இன்றைய கார்களில் ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பட்டன், போன் எல்லாம் அந்தத் திரையோடு பின்னிக் கிடக்கின்றன. அதைத் தொடாமல், பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ‘ஹை லெவல் இன்புட்’ உள்ள ஆம்ப் என்றால் அந்த வயரை நேராகவே வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் இடையில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட வேண்டும். பல மாடல்களுக்குக் கப்ளரோடு கூடிய ரெடிமேட் வயரிங் கிடைக்கிறது. கம்பெனி வயரை வெட்டவே வேண்டியதில்லை. வாரண்டி உள்ள வண்டியில் இதை நான் பிடிவாதமாகவே வலியுறுத்துவேன். இன்னொன்றும் உண்டு. சில செட்கள் ஒலியைக் கூட்டும்போது, கதவு ஸ்பீக்கர் கிழியாமல் இருப்பதற்காக அடி ஒலியைத் தாமே குறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் எவ்வளவு விலை உயர்ந்த சப்வூஃபர் வைத்தாலும் ஒலியைக் கூட்டக் கூட அது அடங்கிப்போகும். வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது வயருக்கு வருகிறேன். நேயர்களே, இதற்காகத்தான் இன்று நான் இங்கே வந்தேன் என்றே சொல்லலாம்.

வீட்டில் 750 வாட் இஸ்திரிப் பெட்டி எடுக்கும் மின்சாரம் மூன்று ஆம்பியருக்குச் சற்றே அதிகம். காரில் 300 வாட் ஆம்ப் முழு வேகத்தில் ஓடினால் முப்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். வோல்ட் குறைவாக இருப்பதால் ஆம்பியர் ஏறுகிறது. ஆகவே செட்டுக்குப் போகும் மெல்லிய வயரில் கிளை பிரித்து ஆம்பை ஓட்ட முடியாது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும். அந்த வயரில் ஒரு பியூஸ் வேண்டும். அது பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும்.

தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நான் இதைத் தப்பாகச் செய்தேன். ஆம்புக்குப் பக்கத்தில், டிக்கியில் பியூஸ் போட்டேன். எஞ்சினுக்கும் உள்ளிருக்கைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் வைக்காமல் வயரை நுழைத்தேன். மூன்று மாதம் வண்டி ஓடிய அதிர்வில் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுத்து, செம்பு பாடியில் பட்டுவிட்டது. மின்சாரம் முழுவதும் அந்த இடத்திலேயே பாய்ந்தது. டிக்கியில் இருந்த பியூஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது. கார்பெட்டுக்குக் கீழேயிருந்து புகை வந்திருக்கிறது. வண்டிக்காரர் பதறாமல் ஓரம் கட்டி, பேட்டரி டெர்மினலைக் கழற்றியதால் தப்பித்தார். பின் இருக்கையில் அன்று அவர் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதை அவர் என்னிடம் சொன்னபோது நின்ற இடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொடுக்கும். வயர் அடுப்புக் கம்பி போலச் சிவந்துவிடும். பேட்டரிப் பக்கம் இருக்கும் பியூஸ் காப்பாற்றுவது ஆம்பை அல்ல. வயரை, அதன் வழியாக உங்களை.

வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருந்தால் நல்லது. மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். அதே தடிமனில் அது குறைவான மின்சாரத்தையே தாங்கும், சூடாகும்.

எர்த் வயரும் பவர் வயர் அளவுக்கே தடிமனாக, நீளம் குறைவாக இருக்க வேண்டும். டிக்கிக்குள் பாடி தகரத்தில் பெயிண்டைப் பளபளவென்று சுரண்டிவிட்டு போல்ட் போட்டு இறுக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் சுற்றிவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ங்ஙீ’ என்று ஒரு இரைச்சல் ஏறும். பாட்டு வயரையும் பவர் வயரையும் ஒரே பக்கமாகச் சேர்த்துக் கொண்டுபோனாலும் இரைச்சல் வரலாம். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்று பிரித்துவிடுங்கள். புது வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகடிவ் முனையில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால் கணக்கு தப்பும். பேட்டரி சார்ஜ் ஆவதே குழம்பும்.

பெட்டியைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. நாற்புறமும் மூடிய பெட்டியில் ஒலி கட்டுக்கோப்பாக வரும். துளை வைத்த பெட்டி அதிகம் முழங்கும், ஆனால் அடி நின்ற பிறகும் கொஞ்சம் இழுக்கும். மிருதங்கம், தவில் கேட்பவர்களுக்கு மூடிய பெட்டியில் ஒரே ஒரு பத்து அங்குலம் போதும் என்பேன். டிக்கியில் சாமான் ஏற்ற வேண்டும் என்றால், சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குலச் சப்வூஃபர் இருக்கிறது. ஆம்ப் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எல்லாம் மாட்டியபின் வருவது கெயின். வால்யூம் குமிழ் என்று நினைத்து இதை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தி வைக்கும் குமிழ் அது. அளவு மீறினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகும். மல்டிமீட்டர் இருந்தால் எளிது. அடி ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்டை அணைத்து, சப்வூஃபர் வயரைக் கழற்றி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். ஆம்ப் நான்கு ஓம்ஸில் 150 வாட் தரக்கூடியது என்றால், அதன் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் ஏ.சி. 24.5 வோல்ட் காட்டும் வரை கெயினை மெல்லத் திருப்பி, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர். 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் பட்டனை இன்னொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தாளம் நிறைவாகக் கேட்கிறதோ அங்கே விடுங்கள். அந்தப் பெரியவரின் வண்டியில் நாங்கள் இப்படித்தான் செய்தோம். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தொப்பி முன்னாலிருந்து, வலந்தலைக்குப் பக்கத்திலேயே கேட்கிறது என்றார். சப்வூஃபர் அவர் முதுகுக்குப் பின்னால் டிக்கியில் இருந்தது.

ஏற்கெனவே சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை வானொலியில் செய்தி வாசிக்கும்போது காரை நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறந்து பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அந்தப் பெட்டி அதிர்ந்தால், ஃபில்டரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

வணக்கம்.