கச்சேரி மேடையா, வெள்ளித்திரையா? – திரை அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செவ்விசையையும் விடுதலைப் பாட்டையும் தமிழ் மக்களிடம் கொண்டு சேர்த்தது கச்சேரி மேடையா, வெள்ளித்திரையா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் இரண்டு வாதம் வைத்தார். திரை ராகத்தைச் சுருக்கிவிட்டதாம். பாடிய குரல்கள் எல்லாம் மேடை தந்தவையாம். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். விதைநெல் மேடையுடையதுதான். விளைந்த வயல் எது என்பதல்லவா வழக்கு!

பாரதியிடமே வருவோம். 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' பாட்டின் தலைப்புக்குக் கீழே அச்சில் என்ன இருக்கிறது? ராகம் வராளி, தாளம் ஆதி. வராளி தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அதன் சுரங்களில் சுத்த ரிஷபத்தை (ரி) ஒட்டிச் சுத்த காந்தாரம் (க), அதற்கு மேல் பிரதி மத்திமம் (ம). காந்தாரம் கொஞ்சம் ஏறினாலே சுபபந்துவராளி என்ற வேறொரு ராகத்தின் வாடை அடிக்கும். குரு நேரில் சொல்லித்தரக் கூடாத ராகம் என்றொரு நம்பிக்கையே அதன்மேல் உண்டு. அதை ஒரு வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாடினால் என்ன ஆகும்? ஒவ்வொரு தொண்டையிலும் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, ஒவ்வொரு வேகத்தில் போகும். சுரம் குழம்பும், சொல் காதில் விழாது. கூட்டமாகப் பாட வேண்டுமென்றால் சுரம் நேராக நிற்க வேண்டும், வரி குட்டையாக இருக்க வேண்டும், தாளத்தின் அடி விழுகிற இடத்தில் சொல்லும் விழ வேண்டும்.

1947 ஜனவரியில் ஏவி.எம்மின் 'நாம் இருவர்' வந்தது. ஆர். சுதர்சனம் இசையில் கச்சேரிப் பாடகி டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, இதே பாட்டு கூடிப் பாடத்தக்க மெட்டில் ஒலித்தது. 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று கொட்டகையில் கேட்டபோது சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது! ஆகஸ்ட் 15 அன்று பள்ளி மைதானத்தில் நாம் கேட்பது எந்த மெட்டு? வராளி இல்லை ஐயா.

அதற்கும் முன்பு, 1939-இல், கே. சுப்ரமணியத்தின் 'தியாக பூமி'யில் 'தேச சேவை செய்ய வாரீர்' என்று அழைத்ததும் பட்டம்மாளின் குரல்தான். அந்தப் படத்தை வெள்ளை அரசு தடை செய்தது. பக்திப் பாட்டும் தேசப் பாட்டும் மட்டுமே பாடுவேன் என்று நிபந்தனை வைத்துத் திரைக்கு வந்தவர் அவர். தேசப் பாட்டுக்குத் திரை தகுந்த இடம் என்று ஒரு மேடை விதுஷியே எண்ணியிருக்கிறார்.

சரி, சுருக்கத்துக்கு வருகிறேன். அன்று திரைப்பாட்டு வெளிவந்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை, நிரவல், கல்பனாசுரம் எதற்கும் இடமில்லை. அதனால் ராகத்தை அடையாளம் காட்டும் உயிரான சுரக்கோவையை, அதாவது பிடியை, பல்லவியின் தொடக்கத்திலேயே வைத்தாக வேண்டும். 1944-இல் 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' சாருகேசி ராகம். கீழ்ப்பாதி சங்கராபரணம் போலத் தெளிவாகப் போகும். பஞ்சமம் (ப) தாண்டியதும் சுத்த தைவதமும் (த) கைசிகி நிஷாதமும் (நி) வந்து ஏக்கம் கவியும். அந்தத் திருப்பம்தான் சாருகேசி. தியாகராஜரின் 'ஆட மோடி கலதே' இதே ராகம். சபைக்குள் இருந்தவர்களுக்கு அது தெரியும். தெருவில் போகிறவர் சாருகேசியை முணுமுணுத்தது பாகவதர் பாடிய பிறகுதான். பெயர் தெரியாமல் முணுமுணுத்தார் என்பார்கள். இருக்கட்டும். 1958-இல் அதே சாருகேசியில் 'வசந்த முல்லை போலே' என்ற திரைப்பாட்டைக் கேட்டதும் "இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கே" என்றது அதே காது. ராகம் கண்டுபிடிக்கப் பழகுகிற எவருக்கும் முதல் படி அதுதானே!

ஒரு குறையை மறைக்க மாட்டேன். தோடி போலக் கமகம் கனத்த ராகங்களைத் திரை குறைவாகத்தான் தொட்டது. கீபோர்டில் அசையாமல் நிற்கும் சுரத்தில் தோடியின் காந்தாரம் வராது. அங்கே மேடைக்கே முதலிடம்.

ஆனால் 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டுக்கு எதிரணி என்ன சொல்லும்? பாரதி அதற்குக் குறித்தது பைரவி, ரூபக தாளம். 1951-இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் அதைக் காபி ராகத்தில் தொடங்கிப் பல ராகங்களில் செல்லும் ராகமாலிகையாக்கினார், எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். கச்சேரியின் கடைசி அரைமணியில், துக்கடா எனும் சிறு பாட்டுகளின் நேரத்தில், வித்வான்கள் இன்றைக்கும் பாடுவது அந்த ராகமாலிகையைத்தான். பாரதி குறித்த பைரவியை வைத்துவிட்டுத் திரை மெட்டை மேடையே ஏன் எடுத்துக்கொண்டது? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும், நடுவர் அவர்களே.