மேடை இருட்டாக இருந்தும் முகம் ஏன் வெளுத்துப்போகிறது?

(திரையில்: கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு நடிகர். முகம் முழுக்க வெளுத்துப்போன படம்.)

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். மூக்கு தெரியவில்லை, கன்னம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் இருக்கிறது. வெளிச்சமே போதாத நாடக மேடையில் எடுத்த படம் எப்படி இவ்வளவு வெளுத்துப்போகும்?

அடிப்படையை மளமளவென்று முடித்துவிடலாம். ஃபிளாஷ் கூடவே கூடாது. நடிகரின் கண் கூசும், ஒளியமைப்பாளர் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையும் பாழாகும். லென்ஸ் எஃப் 2.8 ஆக இருக்கட்டும், எஃப் 1.8 இருந்தால் இன்னும் நல்லது. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். போதும்.

சரி, அந்த வெள்ளைத் திட்டுக்கு வருவோம். கேமராவின் மீட்டர் ஃபிரேம் முழுவதையும் பார்த்து, மொத்த வெளிச்சமும் நடுத்தரச் சாம்பலாக வரும்படி கணக்குப் போடும். மேடைப் படத்தில் முக்கால்வாசி இடம் கறுப்புத் திரை. மீட்டர் அந்தக் கறுப்பையும் சாம்பலாக்கப் பார்க்கிறது. ஸ்பாட்லைட்டில் நிற்கும் முகம் வெளுத்துவிடுகிறது. அதனால் ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாறுங்கள், முகத்தை மட்டும் அளந்து மேனுவலில் பூட்டுங்கள். வெளிச்சம் மாறினால் திரும்ப அளக்க வேண்டும். வெள்ளை ஒப்பனை என்றால் அளவைவிட ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக, கூட்டுங்கள், கருமையான முகம் என்றால் கொஞ்சம் குறையுங்கள். பின்னால் இருக்கும் திரை கறுப்பாகவே இருக்கட்டும்.

நீல எல்இடி விளக்கு வந்தால் கூடுதல் கவனம் தேவை. நீல சேனல் மட்டும் நிரம்பி வழியும், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாமல் போகலாம். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நடிப்பு முழுக்க அசைவு என்றுதான் நினைக்கிறோம், ஆனால் அதற்குள்ளே எத்தனை நிறுத்தங்கள்! ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அதேபோல் ஓங்கிய கை இறங்குவதற்கு முன் நிற்கும். குதிக்கிற உடல் உச்சியில் மேலும் போகாமல் கீழும் வராமல் இருக்கும். கோபமாகக் கத்தி முடித்த நடிகர், அடுத்த வசனத்துக்கு மூச்சை இழுக்கும்போது நிற்பார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும், கண் மட்டும் எதிராளி மேல் இருக்கும்.

(திரையில்: அந்த முகம், நெருக்கத்தில்.)

ஓடும் உடலுக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். இந்த நிறுத்தத்துக்குப் பெரும்பாலும் 1/125 போதும். ஷட்டரில் அந்த ஒரு ஸ்டாப் கிடைத்தால் ஐஎஸ்ஓ 6400-இல் இருந்து 3200-க்கு இறங்கலாம், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் குறையும். வாய் திறந்து பாதி வசனத்தில் கோணலாக நிற்கும் முகத்தைவிட, அந்த மூச்சிழுப்பில்தான் பாத்திரமே தெரிகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே வசனத்தைக் காதில் வாங்கிக்கொண்டே எடுங்கள். முடிந்தால் முழு ஒப்பனையோடு நடக்கும் கடைசி ஒத்திகைக்கு அனுமதி கேட்டுப் போங்கள். எங்கே நிறுத்துவார்கள் என்று அப்போதே பிடிபட்டுவிடும்.

அப்புறம், கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கையும் அதன் பின்பக்கத் திரையையும் அணைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்தவர்கள். சத்தமில்லா ஷட்டர் அவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் சில எல்இடி விளக்குகள் அதில் பட்டை பட்டையாகக் கோடு போடும். ஆரம்பக் காட்சியிலேயே ஓரிரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், அல்லது சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, கைதட்டல் எழும்போது எடுங்கள். உங்கள் கேமராவில் எந்த வேகத்தில் கோடு மறைந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு உடனே பயன்படும்.