பென்டிரைவ் வேலை செய்யாததற்கு யார் பொறுப்பு?

(கணினி ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பேச வைத்திருக்கிறார்கள். அதனால் பீடிகை எதுவும் இல்லாமல் ஒரு பென்டிரைவில் ஆரம்பிக்கிறேன்.

ஜெர்மனியில் சபீனே கோக், ஸ்டெஃபானி முல்லர், மோனிகா சீவெர்டிங் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த சோதனை இது. 2008-இல் வெளிவந்தது. 16 முதல் 21 வயது வரையுள்ள 86 பேரை, ஆணும் பெண்ணுமாக, அழைத்து ஆளுக்கொரு கணினி வேலை கொடுத்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு பென்டிரைவைப் பயன்படுத்தினால்தான் வேலை முடியும். அந்தப் பென்டிரைவ் பழுதானது. தற்செயலாக வந்த பழுது இல்லை. பழுதானது என்று தெரிந்தே அதைக் கொடுத்தார்கள். பில் கேட்ஸே வந்து உட்கார்ந்திருந்தாலும் அந்த வேலையை முடித்திருக்க முடியாது.

சூட்சுமம் அதற்கு முன்னால் இருக்கிறது. வேலை தொடங்குமுன் ஒரு பிரிவினரிடம், "இந்த வேலையைப் பெண்களைவிட ஆண்கள்தான் பொதுவாக நன்றாகச் செய்கிறார்கள்" என்று ஒரு தகவலைக் காதில் போட்டுவைத்தார்கள். இரண்டாம் பிரிவினரிடம் இதையே தலைகீழாக, பெண்கள்தான் நன்றாகச் செய்கிறார்கள் என்று சொன்னார்கள். மூன்றாம் பிரிவினரிடம் ஆண், பெண் என்ற பேச்சே எடுக்கவில்லை. வேலை எல்லோருக்கும் ஒரே இடத்தில் நின்றது. ஏன் நின்றது என்று அப்புறம் கேட்டார்கள்.

முதல் பிரிவில் இருந்த பெண்கள், எனக்குத் திறமை போதவில்லை என்ற பக்கம் சாய்ந்தார்கள். அதே பிரிவில் இருந்த ஆண்கள், கொடுத்த கருவி சரியில்லை என்ற பக்கம் சாய்ந்தார்கள். மற்ற இரண்டு பிரிவுகளிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே குறிப்பிடும்படி வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த மூன்றாம் பிரிவுதான். கெட்டுப்போன கணினிக்கு முன்னால் பெண் இப்படித்தான் நடந்துகொள்வாள், ஆண் அப்படித்தான் நடந்துகொள்வான் என்பது பிறவிக் குணமாக இருந்தால், யாரும் எதுவும் சொல்லாத இடத்திலும் அது தலைகாட்டியிருக்க வேண்டுமே? காட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் வந்துவிட்டது. 86 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். பென்டிரைவே இப்போது பழைய பொருளாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் மட்டும் நம் ஊரில் இன்னும் பழசாகவில்லை. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டில் லேப்டாப் வாங்கும்போது, ஏன், நம் ஆசிரியர் அறையிலேயேகூட அதைக் கேட்டிருப்பீர்கள்.

லேபில் ஒரு சிஸ்டம் நின்றுபோனால் இரண்டு விதமான குரல் எழும். ஒன்று, "சார், நான் ஏதோ அமுக்கிட்டேன்." இன்னொன்று, "சார், சிஸ்டம் சரியில்ல." நடந்தது இரண்டிலும் ஒன்றுதான், மெஷின் ஹேங் ஆகிவிட்டது. முதல் குரலை மாணவிகளிடமும் இரண்டாவதை மாணவர்களிடமும் அதிகம் கேட்டதாக உங்களில் பலர் சொல்வீர்கள். விதிவிலக்கு ஏராளம், எனக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களையும் வெறும் மனநிலை என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து கை எங்கே போகும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. தப்பு என்னுடையது என்றால் கையை எடுத்துவிட வேண்டியதுதான், இன்னும் தொட்டால் இன்னும் கெடும். தப்பு மெஷினுடையது என்றால் வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கலாம், ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம், பக்கத்து சிஸ்டத்தில் போட்டுப் பார்க்கலாம். பழியை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் பழுது பார்ப்பதும் தொடங்குகிறது.

வீட்டில் மிக்ஸி திடீரென்று நின்றால் அம்மா என்ன செய்கிறார்? நான் ஏதோ அமுக்கிட்டேன் என்று ஒதுங்கி நிற்பதில்லை. பிளக்கை ஆட்டிப் பார்க்கிறார், ஜாரைக் கழற்றித் திரும்ப உட்கார வைக்கிறார், மிக்ஸியைக் கவிழ்த்து அடியிலிருக்கும் ஓவர்லோட் பொத்தானை அமுக்குகிறார். அப்பாவுக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது. (சிரிப்பு.) ஆக, இயந்திரத்தைக் கண்டு பெண்ணுக்குப் பயம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த இயந்திரம் யாருடையது என்று ஊர் எழுதி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இந்த விஷயத்தை நீண்ட காலமாகத் தோண்டியவர் மார்கரெட் பர்னெட். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். லாரா பெக்வித் முதலியவர்களோடு சேர்ந்து 2005 வாக்கில் அவர் செய்த சோதனைகளில், தெரிந்தே பிழைகள் வைத்த விரிதாள்களைக் கொடுத்தார்கள். நாம் எக்செல் ஷீட் என்கிறோமே, அதன் சகோதரம். பிழையைக் கண்டுபிடிக்க அந்த மென்பொருளில் புதுப்புது வசதிகள் இருந்தன. ஒரு கட்டத்தின் விடை சரியென்றால் டிக் போடலாம், தவறென்றால் பெருக்கல் குறி போடலாம், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு எண் போகிறது என்று அம்புக்குறி வைத்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வைத்திருந்த பிழைகளைத் திருத்துவதில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஆனால் திருத்தும்போது புதிதாக உண்டாகும் பிழைகள் பெண்களிடம் கூடுதலாக இருந்தன, அவை திருத்தப்படாமலும் நின்றன. காரணம் என்னவாக இருக்கும்? அந்தப் புது வசதிகளைப் பெண்கள் குறைவாகத் தொட்டார்கள். கணினி விஷயத்தில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு என்பதை வைத்தே வசதிகளை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துவார்கள் என்று ஊகிக்க முடிந்தது.

இங்கே ஒரு சாதாரண ஆய்வாளர், பெண்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுங்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நமக்கும் அது பழக்கம்தான், எதற்கெடுத்தாலும் ஒரு விழிப்புணர்வு முகாம். பர்னெட் குழு மென்பொருளின் பக்கம் திரும்பியது. சரி, தவறு என்று இரண்டே தேர்வு வைத்தால், முழு உறுதி இருப்பவர்தான் குறி போடுவார், சந்தேகம் உள்ளவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் இன்னும் இரண்டு தேர்வுகளைச் சேர்த்தார்கள்: "சரியாக இருக்கலாம்", "தவறாக இருக்கலாம்". நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான். இதுவும் இதைப் போன்ற சில மாற்றங்களும் சேர்ந்தபோது பெண்கள் அந்த வசதிகளைத் தொடுவது கூடியது, இடைவெளி குறைந்தது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட அழகான மாற்றம் கிடையாது. ஆளைத் திருத்தாமல் பொத்தானைத் திருத்தினார்கள். பின்னால் இதையெல்லாம் தொகுத்து, ஒரு மென்பொருள் யாருக்கு ஒத்துவருகிறது, யாரைத் தள்ளிவைக்கிறது என்று சோதிக்க ஜெண்டர்மேக் என்ற முறையையும் உருவாக்கினார்கள்.

ஆண்களுக்கு வருவோம். நோண்டிப் பார்ப்பது நல்லது என்று நாம் நினைக்கிறோம். பையன் எதையாவது கிளிக் செய்துகொண்டே இருந்தால், "அவன் பயப்பட மாட்டான், கத்துக்குவான்" என்கிறோம். 2006-இல் இதே குழு நோண்டுவதையே தனியாக ஆராய்ந்தது. ஆண்கள் அதிகம் நோண்டினார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் நோண்டுவது ரொம்பச் சுலபமாக இருந்த மென்பொருளில் அவர்கள் அளவுக்கு மீறி நோண்டினார்கள், அது அவர்களுக்கே பாதகமாக முடிந்தது. ஒன்றைச் செய்துவிட்டுச் சற்று நிறுத்தி, என்ன மாறியது என்று பார்த்தவர்களுக்குத்தான் நோண்டல் பயன்பட்டது. இது நாம் தினமும் பார்ப்பதுதானே? நெட் வரவில்லையென்றால் ஒரே மூச்சில் எட்டு செட்டிங்கை மாற்றிவிட்டு, எதை மாற்றியதால் வந்தது என்று தெரியாமல் வெற்றிப் புன்னகையோடு எழுந்து போகும் ஆட்கள் நம்மிடையே உண்டு. அடுத்த வாரம் அதே பிரச்சினை வரும், அதே எட்டையும் திரும்ப மாற்றுவார்கள்.

இன்னொரு ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்டர் ஹர்கிட்டாய், ஸ்டீவன் ஷேஃபர் இருவரும் நியூ ஜெர்சியில் 100 பேரை உட்கார வைத்து இணையத்தில் சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். 2006-இல் வெளிவந்த ஆய்வு. திறமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் திறமைக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள் என்றால், பெண்கள் தங்களுக்குக் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். அப்படியானால் பெண்பிள்ளைகளிடம் எல்லாப் பழியையும் மெஷின்மேல் போடச் சொல்வதா? இல்லை. பழியை எங்கே போட்டாலும், என்ன நடந்தது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இருந்தது, ஃபுஜிட்சு நிறுவனம் செய்தது. அதில் இருந்த கோளாறுகளால் கணக்கில் இல்லாத பற்றாக்குறை காட்டியது. 1999-இலிருந்து 2015 வரை, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி செய்ததும் பற்றாக்குறை கண்ணெதிரே இரட்டிப்பானது. உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று பதில் வந்தது. லீ காஸில்டன் என்பவர் ஆண். அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவில்லை, மெஷின்தான் தவறு என்று 91 முறை போன் செய்தார், நீதிமன்றம் வரை போனார். 2007-இல் தோற்று, 3,21,000 பவுண்டு செலவுத் தொகை அவர் தலையில் விழுந்து திவாலானார். தப்பு தன் பக்கம்தான் என்று நம்ப வைக்கப்பட்டவர், மெஷின்மேல் பழி போட்டவர், இருவருமே சிக்கினார்கள். திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கான பதிவுகள் அவர்கள் கையில் இல்லை.

சரி, கணினிக்கும் பெண்ணுக்கும் ஆதியிலிருந்தே ஆகாது என்று யாராவது சொன்னால், 1946-ஐச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினி, சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கையேடு கிடையாது. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்றார்கள். பிப்ரவரி 15 அன்று பொதுச் செயல்விளக்கம், பீரங்கிக் குண்டு பறக்கும் பாதையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். முந்தின நாள் இரவு வரை ஒரு கோளாறு தீரவில்லை: பீரங்கிக் குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் ஓடியது. ஆறு பேரில் ஒருவரான பெட்டி ஸ்னைடர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். விழித்தபோது விடை தெரிந்தது. காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார், சரியாகிவிட்டது. அதே ஆறு பேரில் இன்னொருவரான பெட்டி ஜென்னிங்ஸ், பின்னாளில் ஜீன் பார்ட்டிக் என்று அறியப்பட்டவர், இதை விவரித்திருக்கிறார். நோண்டி அல்ல, நிறுத்தி யோசித்துத் தீர்த்த கோளாறு. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களை அழைக்கவில்லை என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது.

கடைசியாக நம் லேபுக்கு வருகிறேன். 1990-இல் ராபின்சன்-ஸ்டேவ்லி, கூப்பர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கணினிப் பழக்கம் குறைவாக உள்ள பெண்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது தனியாகச் செய்வதைவிட மோசமாகச் செய்தார்கள். பழக்கம் குறைந்த ஆண்களுக்கு நேர் எதிர், பார்வையாளர் இருந்தால் நன்றாகச் செய்தார்கள். பழக்கம் உள்ளவர்களிடம் இந்த விளையாட்டு எடுபடவில்லை. நாம் என்ன செய்கிறோம்? கை தூக்கிய பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறோம். "என்னம்மா பண்ணின?" என்று கேட்கிறோம். கேள்வியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அப்புறம், "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று மவுஸை வாங்கிக்கொள்கிறோம். அரை நிமிடத்தில் சரி செய்துவிடுவோம். என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் அண்ணனும் இதையே செய்கிறான். நாளைக்கு மகனும் செய்வான். அப்பாக்களுக்கும் இது நடக்கிறது, ஆனால் அப்பா தன்னைத் திட்டிக்கொள்வதில்லை, போனைத் திட்டுகிறார்.

ஆகையால் மவுஸைத் தொடாதீர்கள். "என்ன பண்ணின?" என்பதற்குப் பதில் "திரையில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். பிழைச் செய்தியை மூடுவதற்கு முன் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் எழுத வேண்டும். இந்த விதி பையன்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும், முனகுவார்கள், விடாதீர்கள். முதல் வகுப்பிலேயே ஒரு போலிக் கோப்பைக் கொடுத்து வேண்டுமென்றே கெடுக்கச் சொல்லுங்கள், கன்ட்ரோல் இசட் போட்டு மீட்கச் சொல்லுங்கள். பழுதான பென்டிரைவ் ஒன்றை மேசை டிராயரில் வைத்திருங்கள். வருடத்தில் ஒருநாள், சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பென்டிரைவின் பழுதை அவர்களுக்கே காட்டிவிடுங்கள்.

என் நேரம் முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைக்கை முதலில் பின்வரிசைக்குக் கொடுங்கள், அங்கே ஒரு டீச்சர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.