ஐ.எஸ். உருவானது கொள்கையாலா, படையெடுப்பாலா?

கேள்வி: ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) மாதிரி ஒரு ஆயுத இயக்கம் வந்ததுக்கு அவங்களோட கொள்கை காரணமா, 2003-ல அமெரிக்கா இராக்குக்குள்ள படையோட போனது காரணமா?

பதில்: ரெண்டும்தான். ஆனா ரெண்டும் செஞ்ச வேலை வேற வேற.

கொள்கையில முக்கியமான சொல் தக்ஃபீர். ஒரு முஸ்லிமையே 'நீ காஃபிர்', அதாவது இறைமறுப்பாளர்னு அறிவிக்கிறது. மார்க்க அறிஞர்கள் இதுக்கு ரொம்பக் கடுமையான நிபந்தனை வச்சிருக்காங்க. பின்னாடி ஐ.எஸ்ஸா மாறின கூட்டத்தைத் தொடங்கின, ஜோர்தானைச் சேர்ந்த அபூ முஸ்அப் ஸர்காவி அதையெல்லாம் ஒதுக்கிட்டு, முஸ்லிம்கள்லயே இன்னொரு பிரிவான ஷியாக்களை மொத்தமா அந்தக் கணக்குல சேர்த்தார். 2004-ல அமெரிக்கப் படை கையில சிக்கின அவரோட கடிதத்துல திட்டம் அப்பட்டமா இருக்கு: ஷியாக்களை அடிக்கணும், அவங்க திருப்பி அடிப்பாங்க, அப்ப நம்ம பிரிவான சுன்னிகள் நம்ம பக்கம் வந்துதான் ஆகணும். மக்கள் ஆதரவு போயிடும்னு 2005-ல அல்காயிதாவோட ரெண்டாம் நிலைத் தலைவர் ஜவாஹிரியே அவரைக் கேள்வி கேட்டு எழுதுற அளவுக்குப் போச்சு. அவர் ஆளுங்க தாக்கின, பள்ளிவாசலுக்குத் தொழ வந்த ஷியாக்கள் யார் நாட்டையும் ஆக்கிரமிக்கல. இதைப் படையெடுப்பு மேல மட்டும் போட்டுட முடியாது.

ஆனா, 2003-க்கு முன்னாடி ஸர்காவி கூட இருந்தது சின்னக் கூட்டம். அதைப் பெருசாக்கினது நிர்வாக முடிவுகள். அந்த வருஷம் மே மாசம், இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பின பால் பிரெமர் ஒரே வாரத்துல ரெண்டு உத்தரவு போட்டார். 16-ஆம் தேதி: சதாம் உசேனோட பாத் கட்சியில மேல்மட்ட 4 படிகள்ல இருந்தவங்களுக்கு அரசு வேலை கிடையாது. இதுல பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட வேலை இழந்தாங்க. 23-ஆம் தேதி: ராணுவமே கலைப்பு. ஏறக்குறைய 4 லட்சம் பேர், ஆயுதம் கையாளத் தெரிஞ்சவங்க, சம்பளமில்லாம வீட்டுல. இன்னொரு பக்கம் ஆயுதக் கிடங்குகளுக்குச் சரியான காவல் இல்ல. பாக்தாத்துக்குத் தெற்கே இருந்த அல்கக்கா கிடங்குல மட்டும் 340 டன்னுக்கு மேல வெடிமருந்து காணாமப் போச்சு.

2006-ல மேற்கு இராக்கோட அன்பார் மாகாணத்துச் சுன்னி பழங்குடிகள் ஸர்காவி கூட்டத்துக்கு எதிரா எழுந்தாங்க. அதுதான் ஸஹ்வா, அதாவது 'விழிப்பு'. அதுல சேர்ந்தவங்களுக்கு அமெரிக்கா ஒரு ஆளுக்கு மாசம் சுமார் 300 டாலர் கொடுத்துச்சு, தாக்குதல் கணிசமா குறைஞ்சது. அப்புறம் அவங்களுக்குச் சம்பளம் கொடுக்குற பொறுப்பு இராக் பிரதமர் மாலிகியோட அரசுக்குப் போச்சு. சம்பளம் தாமதமாச்சு, வாக்குக் கொடுத்த அரசு வேலையும் பலருக்குக் கிடைக்கல.

ஐ.எஸ்ஸோட அமைப்பை வடிவமைச்ச ஹாஜி பக்ர், சதாம் ராணுவத்துல வான்பாதுகாப்புக் கர்னலா இருந்தவர். 2014 ஜனவரியில சிரியாவுல தல் ரிஃபாத்ல கொல்லப்பட்டார். அவர் விட்டுட்டுப் போன தாள்கள்ல மதப் பிரசங்கத்தைவிட உளவு வேலைதான் விரிவா இருக்கு: ஊர்ல செல்வாக்கான குடும்பம் எது, அதுல அதிகாரம் யார் கையில, அவருக்கு வருமானம் எங்கேருந்து வருது.